மகனுடைய வண்டியும் இருபது கிலோமீட்டர் வட்டமும்

1

அன்றைக்குக் கல்லாற்றில், திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி மலைக்கு ஏறுகிற வழியில், இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான். நான். டீக்கடை லீலா சேச்சி. வித்துராவிலிருந்து பைக்கில் வந்த பஞ்சர்க்காரர் ஷாஜி. பொன்முடிக்குப் போகிற வழியில் இறங்கி, என் வண்டியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்ட ஒரு புதுக் கல்யாண ஜோடி. அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. அப்புறம் போனில் என் மகன். ஆக மொத்தம் ஆறு பேர். இதைக் கணக்காகச் சொல்லக் காரணம், நடந்ததை வேறு யாராவது வேறு மாதிரி சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பாலத்துக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு குழி. மழைத் தண்ணீர் நின்றதால் ஆழம் தெரியவில்லை. நான் போனது இருபது, இருபத்தைந்து வேகம்தான். அதுக்கே முன்பக்கத்து இடது டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. இந்த மாதிரி வண்டிகளுக்கு டயர் ரொம்பச் சன்னமாக இருக்கும். சக்கரத்தைச் சுற்றி ரப்பர் வளையல் போட்டுவிட்டது போல.

ஷாஜி குத்தவைத்து உட்கார்ந்து, கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது ஒட்டாது அண்ணாச்சி. ஸ்டெப்னி எடுக்கூ."

"இந்த வண்டிக்கு ஸ்டெப்னி கிடையாது."

"கிடையாதா?"

"செய்யும்போதே வைக்கலை. கனம் கூடினா வேகம் குறையுமாம்."

அவர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூஜ்யத்துல இருந்து நூறுக்கு ஆறு செகண்டுல போகும்னு கேட்டிருக்கேன். இப்ப பூஜ்யத்துல தன்னே நிக்கிது, கேட்டோ!"

கடைக்குள்ளிருந்து லீலா சேச்சி சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் இந்த அளவு டயர் வித்துராவில் கிடைக்காது, நெடுமங்காட்டிலும் கிடைக்காது. டவுனிலிருந்து லாரி வந்து வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு போக வேண்டும். தூக்கும்போது அடிப்பக்கம் தட்டினால் என்ன ஆகும்? இன்சூரன்ஸ்காரன், ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்லாற்றில் என்ன வேலை என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அந்த நேரத்தில்தான் அந்த ஜோடி வந்தது. "சேட்டா, ஒரு போட்டோ எடுத்தோட்டே?" என்று பையன் கேட்டான். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெண் வண்டியின் மூக்கில் சாய்ந்து நின்றாள். அவன் இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "சேட்டன் ஒந்நு மாறாமோ?" என்றான். நான் படத்தில் விழுகிறேனாம். ஒதுங்கி நின்றேன். கிழிந்த டயரும் நானும் வராத மாதிரி அழகாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர்கள் கார் வளைவில் திரும்பி மறையவும் என் போன் அடித்தது. மகன்.

அவன் என்ன சொன்னான் என்பதற்கு முன்னால் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

2

எங்கள் ஊர்ச் சங்கத்து ஆண்டு மலரில், வெளியே போய்ப் பிழைக்கிறவர்கள் எழுதுவதற்கென்று சில பக்கங்கள் உண்டு. சிங்கப்பூர், துபாய், மஸ்கட் என்று எழுதுவார்கள். நான் இங்கே வந்து நாற்பது வருஷம் ஆகிறதை எப்படியோ தெரிந்துகொண்டு, இந்தத் தடவை என்னைக் கேட்டார்கள். திருவனந்தபுரம் என்ன வெளிநாடா என்று நான் கேட்டேன். சுரண்டையில் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஏறினால், செங்கோட்டை, தென்மலை வழியாக மத்தியானச் சோற்றுக்கு இங்கே வந்துவிடலாம்.

சங்கச் செயலாளர் சொன்னார்: "அண்ணே, துபாய்க்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வாரான். நீங்க வந்து ஆறு வருஷமாச்சு. அப்ப எது வெளிநாடு?"

ஆகவே எழுதுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். இங்கே சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு ஓட்டலில் டம்ளர் கழுவ வந்தேன். அப்புறம் மொசைக் தரை தேய்க்கிற ஒருத்தரோடு சேர்ந்தேன். மொசைக் போய் டைல் வந்தது, நானும் டைலுக்கு வந்தேன். இப்போது மூன்று ஆட்களை வைத்துச் சின்னச் சின்ன வேலைகள் எடுக்கிறேன். வீடு கரமனையில், ஆற்றுக்குப் போகிற ஒரு சந்தில். வீட்டுக்காரி போய் ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே மகன்.

அவனுக்கு நாங்கள் வைத்த பேர் இசக்கிராஜ். இங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு இசக்கி வாயில் நுழையவில்லை, ராஜ் என்றே எழுதிவிட்டார். பாஸ்போர்ட் எடுக்கும்போது பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பேர். வக்கீலிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, ஆறு தடவை நடந்தேன். கடைசியில் எந்தப் பேர் வேண்டும் என்று ஆபீசில் கேட்டார்கள். அவன் ராஜ் போதும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் க்யூவில் பின்னால் ஆட்கள் நின்றார்கள், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவன் படிப்பு முழுக்க மலையாளத்திலும் இங்கிலீஷிலும். தமிழ் பேசுவான், எழுதத் தெரியாது. இந்த மலர் அவன் கைக்குப் போனாலும் இதைப் படிக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு தாராளமாக எழுதுகிறேன்.

டவுனை ஒட்டிய கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்ததும், கொச்சியில் ஒருத்தர் ஓட்டிய பழைய வண்டியைப் பேங்கில் கடன் போட்டு வாங்கி வந்தான். நீல நிறம். இரண்டே கதவு. பின்சீட் பேருக்கு இருக்கிறது, அதில் ஆள் உட்கார முடியாது. சத்தம், பெரிய நாய் தொண்டைக்குள் உறுமுகிற மாதிரி. சந்துக்குள் நுழையாது, அதனால் மெயின் ரோட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தான்.

"ஏறுங்கப்பா, ஒரு ரவுண்டு போவோம்."

"இதுல எங்கலே ஏற? கிணத்துக்குள்ள இறங்குற மாதிரில்லா இருக்கு."

அவன் அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் அப்புறம் பார்க்கவில்லை. அவனும் நானும் சங்குமுகம் கடற்கரை வரை போனோம். அவன் அம்மா போன பிறகு இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வீட்டில் அவன் ஒரு அறை, நான் ஒரு அறை.

ஒரு வருஷத்தில் ஜெர்மனியில் வேலை என்று கிளம்பிவிட்டான். ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்தெல்லாம் எங்களுக்குப் பழக்கம் இல்லை. சாவியைக் கையில் வைத்துவிட்டுச் சொன்னான்: "அப்பா, வண்டிய நிறுத்திப் போட்டுராதீங்க. தினமும் ஓட்டணும். இல்லைன்னா பேட்டரி போயிரும், டயர் ஒரே பக்கமா அமுங்கிரும்."

நான் தலையாட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

3

அப்படித்தான் அறுபதைத் தொடப்போகிற ஒரு டைல்காரன், பந்தய வண்டி மாதிரி ஒன்றில் தினமும் வேலைக்குப் போகிறான்.

முன்பெல்லாம் ஸ்கூட்டர். டைல் வெட்டும் மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு போவேன். இப்போது அது டிக்கியில், பழைய போர்வையில் சுற்றிக் கிடக்கிறது, கீறல் விழுந்துவிடக் கூடாதே என்று. வெள்ளைச் சிமெண்ட் பை ஏற்றுவதே இல்லை. காலையில் வண்டியில் உட்காருமுன் கைலித் துணியால் செருப்பின் அடியைத் துடைப்பேன்.

ரோட்டில் ஒவ்வொரு வேகத்தடையையும், இங்கே ஹம்ப் என்பார்கள், கோணலாகத்தான் ஏற வேண்டும், நேராக ஏறினால் அடிவயிறு உரசும். கரமனையிலிருந்து பேரூர்க்கடை வரை எத்தனை ஹம்ப் என்று எனக்கு மனப்பாடம். பின்னால் வருகிற ஆட்டோக்காரர்கள் ஹார்ன் அடிப்பார்கள். "அண்ணாச்சி, கொடுத்து வச்ச வண்டி, பறத்துங்க!" என்று ஒருத்தர் கத்திவிட்டுப் போனார். நான் நாற்பதுக்கு மேல் போவதில்லை. பெட்ரோல் எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது. அது என் வேகத்துக்கா, வண்டியின் குணத்துக்கா என்று தெரியவில்லை.

முதல் மாதத்தில் ஒரு தப்புச் செய்தேன். வேலை பேசப் போன வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வீட்டு அம்மா மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். சதுர அடிக்குக் கூலி சொன்னதும், "இத்தனை வலிய வண்டி ஓட்டுந்ந ஆளுக்கு இன்னும் பைசா வேணுமா?" என்று கேட்டார். மகன் வண்டி என்றேன். நம்பவில்லை. அதிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

போலீஸ் நிறுத்தினால் என் முகத்தைப் பார்ப்பார்கள், சட்டையில் சிமெண்டைப் பார்ப்பார்கள். "உடமஸ்தன் எவிடே?" உடையவர் எங்கே என்று கேட்கிறார்கள். ஜெர்மனி என்று சொல்வேன். டிரைவரா என்பார்கள். அப்பா என்பேன். அதற்கப்புறம்தான் ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், மகன் கையெழுத்துப் போட்ட கடிதம் எல்லாம் எடுத்து நீட்டுவேன். எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள்.

புகைச் சான்றிதழ் எடுக்கிற இடத்தில் இன்னொரு கூத்து. வண்டிக்காரன் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வரும், அந்த ஆறு எண்ணைச் சொன்னால்தான் சீட்டு அடிப்பார்கள். எண் ஜெர்மனியில் இருக்கிற போனுக்குப் போகும். இங்கே காலை ஒன்பது மணி, அங்கே விடியவில்லை. நான் கூப்பிட, அவன் தூக்கக் கலக்கத்தில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல, கம்ப்யூட்டரில் இருந்த பெண் "டைம் கழிஞ்ஞு, இனியும் அயக்கணும்" என்பார். நேரம் முடிந்துவிட்டது, திரும்ப அனுப்ப வேண்டும். அன்றைக்கு மூன்று தடவை அனுப்பினார்கள். பதினெட்டு எண்கள் சொன்னான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு, சொன்னால் வெட்கம், அது தீராமல் போய்க்கொண்டிருந்தால் நல்லது என்று இருந்தது.

4

வண்டிக்குள், ஸ்டியரிங்குக்குக் கீழே, தீப்பெட்டி அளவில் ஒரு கருப்புப் பெட்டி இருக்கிறது. மகன் போகும்போது பொருத்திவிட்டுப் போனான். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு வேகம் என்று அவன் போனில் தெரியும். எண்பதுக்கு மேல் போனால் அங்கே மணி அடிக்கும். வீட்டை நடுவில் வைத்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டிருக்கிறான். வட்டத்தைத் தாண்டினாலும் மணி அடிக்கும். திருட்டுக்காக என்று சொன்னான்.

எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவன் போனதும் முதலில் தினமும் கூப்பிட்டான். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒரு தடவை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல். நான் சுகமா என்று போட்டால் கட்டைவிரல். சாப்பிட்டாயா என்று போட்டாலும் கட்டைவிரல். அவனைக் குறை சொல்லவில்லை. நானும் இங்கே வந்த புதிதில் அப்பாவுக்கு மாதம் ஒரு கார்டு போட்டேன், அப்புறம் மணியார்டரின் அடியில் இரண்டு வரி, அப்புறம் வெறும் மணியார்டர்.

ஒரு நாள் வித்துராவில் ஒரு வீட்டில் குளியலறை வேலை பார்க்கப் போனேன். பத்தொன்பது நாளாக அவன் பேசியிருக்கவில்லை. ஊர் எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது.

"அப்பா! எங்க போறீங்க? வண்டி உங்க கையிலதான இருக்கு?"

"ஏம்ல, என்ன ஆச்சு?"

"அலாரம் அடிச்சது. நான் பயந்துட்டேன். வித்துராவுல என்ன?"

வேலை என்று சொன்னேன். சாப்பிட்டீங்களா என்று கேட்டான். முட்டுவலி எப்படி என்று கேட்டான். அங்கே பனி பெய்கிறது என்றான், அரிசி தீர்ந்துபோய் ரொட்டி தின்கிறேன் என்றான். பதினான்கு நிமிஷம் பேசினோம். வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, முழுசாகக் கேட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வித்துராவில் வேலை இல்லை. ஆனாலும் போனேன்.

அதற்கு முன்னால், எண்பதைத் தாண்டினாலும் மணி அடிக்குமே என்று, வேகத்தில்தான் முயற்சி பண்ணினேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பைபாஸில் ஒரு காலை, ரோடு காலியாக இருந்தது. ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன். வண்டி முன்னால் பாயவில்லை, ரோடுதான் என்னைப் பார்த்துப் பாய்ந்து வந்தது. எழுபத்திரண்டில் பயந்து காலை எடுத்துவிட்டேன். வேகத்துக்கு எனக்குத் தைரியம் இல்லை. தூரத்துக்கு உண்டு.

அதனால் ஞாயிறுதோறும் கல்லாறு. காலை ஒன்பதரைக்கு ஷெட்டிலிருந்து எடுப்பேன், நெடுமங்காடு தாண்டி, வித்துரா தாண்டி, பாலத்துக்குப் பக்கத்தில் லீலா சேச்சி கடையில் வந்து உட்காருவேன். அதற்கு மேலே போகமாட்டேன். மேலே பொன்முடிக்கு ஏறுகிற கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டத்தான் இந்த மாதிரி வண்டியே செய்கிறார்களாம், மகன் சொல்லியிருக்கிறான். ஆனால் மேலே ஏறினால் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. கல்லாறு வரைதான் கிடைக்கும்.

பதினொரு மணி வாக்கில் அவன் கூப்பிடுவான். அங்கே ஆறரை, ஏழு. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைக் கெடுக்கிறேனே என்று ஒரு பக்கம் உறுத்தும். ஒவ்வொரு வாரமும் ஒரு பொய் தயார் பண்ணிக்கொண்டு போவேன். ஒரு ரிசார்ட்டில் தரை வேலை. எஸ்டேட் பங்களாவில் சுவருக்கு அளவெடுப்பு. அவன் "சரிப்பா, மெல்லப் போங்க" என்பான். அப்புறம் மற்றப் பேச்சு. பத்து நிமிஷம், சில நாள் இருபது. ஏழு ஞாயிறு இப்படிப் போயிற்று. டயர் கிழிந்தது எட்டாவது ஞாயிறு.

5

"அப்பா, இன்னைக்கும் கல்லாறா?"

"ஆமய்யா. அந்த எஸ்டேட்டு வேலை இன்னும் முடியலை."

"ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்க வேலைக்கு வரமாட்டாங்களே?"

"நான் மட்டும்தான். அளவு பாக்க."

"வண்டி அரை மணி நேரமா ரோட்டு மேலயே நிக்கிதே அப்பா. அசையவே இல்ல."

டயர் விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னதும் அவன் பதறிவிட்டான். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, பக்கத்துல யாரு இருக்கா, போனை அவங்ககிட்டக் குடுங்க என்றான். நான் ஷாஜியிடம் கொடுத்திருக்கலாம். ஷாஜி பைக்கில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். லீலா சேச்சி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவரே போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்.

மலையாளத்தில்தான் பேசினார்கள். மகனுக்குத் தமிழைவிட அதுதானே நாக்கில் சுலபமாக வரும். டயர் மட்டும்தான், ஆளுக்கு ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சேச்சி தைரியம் சொன்னார். இந்தப் பக்கம் எந்த எஸ்டேட்டில் வேலை என்று அவன் கேட்டான்.

"ஏது எஸ்டேட் மோனே? அச்சன் எல்லா ஞாயறாழ்ச்சையும் வரும், ஒரு சாயா குடிக்கும், போனும் நோக்கி இங்ஙனெ இருக்கும். நீ விளிச்சு கழிஞ்ஞா எழுந்நேற்று போகும்."

ஞாயிறுதோறும் வருவார், ஒரு டீ குடிப்பார், போனைப் பார்த்துக்கொண்டு இப்படியே இருப்பார், நீ கூப்பிட்டுப் பேசி முடித்ததும் எழுந்து போய்விடுவார். சேச்சி வஞ்சகமில்லாமல் உள்ளதைச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் ஆற்றில் போய் இறங்கிவிடலாம் போல இருந்தது.

போனைத் திரும்ப வாங்கினேன். நான் உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம்ல, உன் குரலைக் கேட்கத்தான் வந்தேன் என்று ஒரு வரி. அதற்குப் பதிலாக எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற ரோஷம்.

"நீ என்னல, போலீஸ் மாதிரி வேவு பாக்கே? எங்க போறேன், எங்க நிக்கேன்னு எல்லாம் உன்கிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கணுமோ? எனக்கு ஒரு டீ குடிக்கப் போக வழியில்லையா?"

அவன் சொன்னான்: "சாரிப்பா. நான் அப்படி யோசிக்கல. உங்களுக்கு அது தொந்தரவா இருக்கும்னு தோணவே இல்ல. இப்பவே எடுத்துடுறேன்."

"எதை?"

"அந்த வட்டத்த. அலாரமே வராது. நீங்க எங்க வேணாலும் போங்கப்பா, நான் கேக்க மாட்டேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். ஷாஜி பக்கத்தில் நின்றார். சேச்சி நின்றார். என் மகன் ரொம்ப மரியாதையானவன், சொன்னால் சொன்னபடி செய்கிறவன். அதைத்தான் சின்ன வயதிலிருந்து அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்தேன்.

மத்தியானம் இரண்டரைக்கு லாரி வந்தது. வண்டியை மேலே ஏற்றிக் கட்டினார்கள். நான் லாரிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து திரும்பினேன். உயரமான சீட், முட்டு வலிக்கவில்லை.

6

புது டயர் போட்டு, அடுத்த ஞாயிறும் போனேன். அவன் சொன்னபடி செய்திருக்கிறானா என்று பார்க்க. செய்திருந்தான். பன்னிரண்டரை வரை உட்கார்ந்தேன். லீலா சேச்சிக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும், "மோன் விளிச்சில்லே?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லாமலே இரண்டாவது டீயைக் கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை.

இரண்டு வாரம் கட்டைவிரல்கூட வரவில்லை. என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருக்கிறான் என்று புரிந்தது. நானாகக் கூப்பிடலாம்தான். கூப்பிட்டு என்ன சொல்ல? காரணம் இல்லாமல் நான் யாரையும் போனில் கூப்பிட்டதே கிடையாது. சிமெண்ட் வேண்டும், ஆள் வரவில்லை, பணம் எப்போது தருவீர்கள்: இப்படித்தான் எனக்குப் போன் பேசத் தெரியும்.

மூன்றாவது வாரம் அவனே குரல் பதிவு ஒன்று அனுப்பினான். அதை நாலைந்து தடவை கேட்டேன், அதனால் அப்படியே எழுத முடியும்.

"அப்பா, யோசிச்சுப் பாத்தேன். அந்த வண்டியால உங்களுக்குக் கஷ்டம்தான். முட்டு வலி, போலீசு, இப்ப டயரு. நான் சுயநலமா உங்க தலைல கட்டிட்டு வந்துட்டேன். வித்துடலாம். இங்க எனக்கு போனஸ் வந்திருக்கு. பேங்குல கடன மொத்தமா அடைச்சுட்டா, அவங்க ஒரு பேப்பர் தருவாங்க, அது இருந்தா பேரு மாத்தி விக்கலாம். எவ்வளவு பாக்கின்னு மட்டும் நேர்ல போய்க் கேட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு நல்லதா ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தாரேன்."

நல்ல பிள்ளை சொல்கிற சொல்தான். ஒரு குறை சொல்ல முடியாது. ஸ்கூட்டர் கிடைத்தால் என் முட்டு பிழைக்கும், ஷெட் வாடகை மிச்சம், வீட்டு வாசலிலேயே நிறுத்தலாம். ஆனால் வண்டி போனால் ஓ.டி.பி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, சர்வீஸ் இல்லை, டயர் இல்லை. அவனுக்கும் எனக்கும் நடுவில் பேசுவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். தவணைகூட அப்படித்தான். கடனில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் மாதாமாதம் அவன் என் கணக்குக்கு இருபத்தாறாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய் அனுப்புவான், பேங்க் அதை எடுத்துக்கொள்ளும். அனுப்பும்போது "அப்பா, போட்டுட்டேன், பாருங்க" என்று ஒரு வார்த்தை வரும்.

பேங்குக்குப் போனேன். கடன் பிரிவில் இருந்த பெண் மலையாளத்தில் ஒரு படிவம் தந்தார். நாற்பது வருஷம் ஆகியும் மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவர் பொறுமையாக இருந்தார். கணக்குப் பார்த்து, இன்னும் முப்பது தவணை, இன்றைக்கு அடைத்தால் ஆறு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூற்று எண்பத்தைந்து, அதோடு முடிக்கிறதுக்கு ஒரு கட்டணம் என்று எழுதித் தந்தார்.

"நல்ல காரியம் அங்கிள். அடைச்சா வட்டி லாபம்."

என் வாழ்க்கையில் நான் கடனைப்போல எதற்கும் பயந்ததில்லை. சீட்டுக்காரருக்கு ஒரு நாள் தள்ளிக் கொடுக்க வேண்டி வந்தால் முதல் நாளே காய்ச்சல் வரும். அப்படிப்பட்டவன், பேங்கில் எழுதித் தந்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் மகனிடம் சொல்லவில்லை.

7

ஐந்தாம் நாள் மத்தியானம், வேலை நடக்கிற வீட்டின் மொட்டை மாடியில் நின்று நானே கூப்பிட்டேன். எடுத்ததுமே, "அப்பா, என்ன ஆச்சு?" என்றான். நான் கூப்பிட்டால் அப்படித்தான் கேட்பான்.

"ஒண்ணும் ஆகலை. பேங்குக்குப் போனேன்."

"எவ்வளவு சொன்னாங்க?"

சொன்னேன்.

"சரி, நாளைக்கே அனுப்பிடுறேன். நீங்க போய் அடைச்சுட்டு அந்தப் பேப்பர வாங்கிடுங்க."

"அடைக்காண்டாம்யா."

"என்னப்பா?"

"அடைக்காண்டாம். மாசாமாசம் அனுப்பு."

"அப்பா, முப்பது மாசத்துக்கு வட்டி மட்டும் எவ்வளவு தெரியுமா? ஒரு லட்சத்துக்கு மேல போகும்."

"தெரியும். அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"பின்ன எதுக்கு? சும்மா வட்டி கட்டுறதுக்கா?"

மாடியில் வெயில். கீழே என் ஆட்கள் டைல் வெட்டுகிற சத்தம். நான் என்ன சொல்லலாம் என்று நாலு நாளாக யோசித்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"அந்த வட்டத்தையும் திரும்பப் போட்டுரு" என்றேன்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நிமிஷம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கீழே மெஷின் நின்று, ஒருத்தன் "அண்ணாச்சி, அளவு!" என்று கத்தினான். வாரேன் என்று கத்தினேன். போனை மறுபடி காதில் வைத்தேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. படிக்காத ஆள் கணக்குத் தெரியாமல் உளறுகிறான் என்று மகன் நினைக்கிறானோ? தனியாக இருந்து எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறானோ? அங்கேயிருந்து யாரையாவது அனுப்பி என்னைப் பார்க்கச் சொல்வானோ?

"அப்பா, எனக்கு மீட்டிங் இருக்கு" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது. "அப்புறம் பேசுறேன்."

அன்றைக்கு அவன் பேசவில்லை. மறுநாளும் இல்லை. மொத்தப் பணமும் என் கணக்குக்கு வந்துவிடும், நான் போய் அடைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். ஷெட்டுக்காரரிடம்கூட, அடுத்த மாதம் காலி பண்ணுவேன் என்று சொல்லி வைத்தேன். வண்டியைக் கழுவி, டிக்கியிலிருந்த மெஷினையும் போர்வையையும் எடுத்து வீட்டில் வைத்தேன்.

நேற்றுக் காலை பத்து மணிக்குப் போனில் மெசேஜ் வந்தது. கண்ணாடி போட்டு, இலக்கம் இலக்கமாக விரல் வைத்துப் படித்தேன். கணக்கில் வந்திருந்தது இருபத்தாறாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய். ஒரு தவணை. அதற்கு ஒரு ரூபாய் கூடவும் இல்லை. சாயங்காலம் பேங்க் அதை எடுத்துக்கொண்டதற்கும் மெசேஜ் வந்தது. இன்னும் இருபத்தொன்பது தவணை. பாக்கி ஆறு லட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து எண்பத்தொரு ரூபாய்.